கேட்டு வளர்ந்தவையும் கண்டறிந்தவையும்

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. பனம்பழம் பழுத்துக் காம்பு தளர்ந்திருந்தது. அது விழும் நேரத்தில் ஒரு காக்கை வந்து அமர்ந்தது, பழமும் விழுந்தது. பார்த்தவர், காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று சொன்னார். கேட்டவர் அதையே பிறரிடம் சொன்னார். நாளடைவில் அஃது ஊரார் அனைவரும் நம்பும் செய்தியாகிவிட்டது.

குழந்தைப் பருவத்தில் நாம் வீட்டில் கேட்டு வளர்ந்த நம்பிக்கைகளுள் பல இத்தகையவை. பூனை குறுக்கே போனால் காரியம் ஆகாது, இரவில் நகம் வெட்டலாகாது என்பன போன்றவற்றால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. அவற்றை இங்கு ஆராய வேண்டியதில்லை. ஆனால், நோய் வந்தபோதும் விபத்து நேர்ந்தபோதும் நாம் கைக்கொள்ளும் சில நம்பிக்கைகள் உயிரையே பறித்துவிடும். தோட்டத்திலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கும் நமக்கு, வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் பேரிழப்பாகும்.

எனவே, தோட்டப்புறங்களில் வழங்கிவரும் ஐந்து நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் உண்மை எது, பிழை எது என்று காண்போம். பிழையான நம்பிக்கை ஏன் சாகாமல் வாழ்கிறது என்பதையும் உடன் காண்போம்.

1. காய்ச்சலைக் கொண்டுவருவது கெட்ட காற்றா?

இந்நாட்டில் காடுகளை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், நம் முன்னோரின் உயிரைப் பெருமளவில் பறித்த நோய்களுள் மலேரியாக் குளிர்காய்ச்சல் முதன்மையானது. கிளறிய மண்ணிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் எழும் நச்சுக்காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று அன்று பலரும் நம்பினர். இந்நம்பிக்கை படிக்காத மக்களிடம் மட்டும் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய மருத்துவர்களும் பல நூற்றாண்டுகளாக அவ்வாறே எண்ணினர். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள்.

1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்தராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமி அனோபிலிஸ் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், கிள்ளான் வட்டார மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அவ்வுண்மையை இம்மண்ணில் செயற்படுத்தினார். கிள்ளான் நகரிலும், அப்போது புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடிக்கச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆயினும், மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறை பயன் தரவில்லை. காரணம் என்ன? காட்டை வெட்டியபின் வெயில் படும்படி தெளிந்து ஓடிய சிற்றோடைகளில்தான் அங்குள்ள மலேரியாக் கொசு முட்டையிட்டது. கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றிய நீரே நோயின் பிறப்பிடமாக இருந்தது! பின்னர் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாகச் செலுத்தியும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் அக்கொசுவை ஒழித்தனர். நோய்க்கு உண்மையான காரணம் தெரிந்த பிறகே உண்மையான பரிகாரம் கிடைத்தது.

2018ஆம் ஆண்டில், மனிதரிடமிருந்து கொசு வழியே மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவுக்குள் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. எனினும், குரங்குகளிடமிருந்து கொசு வழியே பரவும் நோலெசி என்னும் மலேரியா வகை காட்டோரங்களில் உண்டு. காட்டை ஒட்டிய இடங்களில் வேலை செய்வோர், காய்ச்சல் கண்டால் தம் வேலையிடத்தை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

டிங்கிக் காய்ச்சலைப் பற்றியும் இதே போன்ற தவறான எண்ணம் இருக்கிறது. நாற்றமடிக்கும் சாக்கடையில்தான் டிங்கிக் கொசு பிறக்கிறது என்று பலர் நம்புகின்றனர். அக்கொசு விரும்புவது தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே. பூச்சாடித் தட்டு, மூடாத நீர்த்தொட்டி, பழைய டயர் ஆகியவற்றோடு, பால்மரத்தில் கட்டிய மங்கில் தேங்கும் மழைநீரும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். ஆகவே, பால் வெட்டாது நிறுத்திவைத்த மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி நீர் தேங்கிய கலன்களைக் கொட்டிக் கழுவுங்கள்.

இன்னொரு பிழையான எண்ணம் இதனினும் கொடியது. "காய்ச்சல் விட்டுவிட்டது; இனி அச்சமில்லை" என்று சொல்லி வேலைக்குப் புறப்படுவோர் உண்டு. டிங்கிக் காய்ச்சலில் உடற்சூடு தணியும் நாட்களே மிகுந்த ஆபத்தான நாட்கள். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. டிங்கி என்று ஐயுற்றால் ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடலாகாது. அது இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

2. பாம்புக்கடியும் மந்திரமும்

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளருக்குப் பாம்பு அயலான பிராணி அன்று. பெர்லிஸ், கெடா, பினாங்கு முதலிய வடமாநிலங்களின் ரப்பர்க் காடுகளில் மலாயாக் குழிவிரியன் என்னும் பாம்பு மிகுதியாக உண்டு. சருகின் நிறத்தோடு ஒன்றி, ஆள் நெருங்கினாலும் விலகாமல் அசையாது கிடக்கும் இயல்பு அதற்கு உண்டு. கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே விழுகிறது.

கடிபட்டால் நம்மவர் செய்வன யாவை? கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாய்வைத்து உறிஞ்சுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல், மந்திரிப்பவரை அழைத்தல் ஆகியவையே. "இன்னார் மந்திரித்துப் பத்துப் பேர் பிழைத்திருக்கின்றனர்" என்று சான்றும் கூறுவர். அவ்வாறு கூறுவோர் பொய் சொல்லவில்லை; அவர்கள் கண்டது உண்மைதான். ஆனால், காரணத்தைத்தான் பிழையாக உணர்ந்துள்ளனர்.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆலிஸ்டர் ரீட், குழிவிரியன் கடித்து வந்த நோயாளிகளை வரிசையாகக் கவனித்து எழுதிவைத்தார். அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. கடிபட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நஞ்சின் விளைவு சிறிதளவே இருந்தது, அல்லது முற்றிலும் இல்லை! பாம்பு கடிக்கும்போதெல்லாம் முழு அளவில் நஞ்சைச் செலுத்துவதில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மந்திரிப்பவரிடம் பத்துப் பேர் வருகின்றனர். அவர்களுள் ஐவர் உடலில் நஞ்சு அநேகமாக ஏறவே இல்லை. அவர்கள் எப்படியும் எழுந்து நடப்பர். அந்த ஐவரும் தம் வாழ்நாள் முழுதும் மந்திரத்தின் பெருமையைப் பேசுவர். நஞ்சு ஏறியவருள் ஒருவர் இறந்தாலோ, "விதி முடிந்தது" என்று ஊர் சொல்லிவிடும். பிழைத்தவர் பேசுகிறார், இறந்தவர் பேசுவதில்லை. பிழையான நம்பிக்கை வாழ்வது இவ்வாறுதான்.

உங்களைக் கடித்த பாம்பு நஞ்சைச் செலுத்தியதா இல்லையா என்பதைக் கடிவாயைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. மருத்துவமனையில் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பதும் உண்டு. இரத்தம் உறையாவிட்டால் நஞ்சு உடலில் பரவிவிட்டது என்பது புலனாகும். குழிவிரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது. அந்நிலையில் கத்தியால் கீறினால் என்ன ஆகும்? கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமல் ஒழுகும். இறுகக் கட்டினாலோ, இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை அழுகி, காலையே இழக்க நேரிடலாம்.

செய்ய வேண்டியவை இவை: கடிபட்டவரை அமைதியாகப் படுக்கவைத்தல், மோதிரம், கொலுசு, காலணி ஆகியவற்றைக் கழற்றுதல், எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் மரச்சட்டம் வைத்துக் கை கால் அசையாதபடி தளர்வாகக் கட்டுதல், 999 என்ற எண்ணை அழைத்தல் அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு விரைதல். கடிபட்டவரை நடக்கவிடலாகாது. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயல வேண்டாம். தொலைவில் நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் அஃது உதவும். தாமதமாகிவிட்டது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவதும் தவறு. சில மணி நேரம் கழிந்த பின்னும் நஞ்சுமுறிவு மருந்து பயன் தரக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, காலணி அணிந்து வேலைக்குச் செல்லுங்கள்.

3. பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

"தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும்; வயிற்றைக் காயப்போடு" என்பது பல வீடுகளில் கேட்கும் சொல். கொடுத்த நீர் உடனே வெளியேறுவதைக் கண்ணால் காண்பதால், இது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால், பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் பேதியன்று. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. ஓட்டை விழுந்த குடத்தில் நீர் ஊற்றுவதை நிறுத்தினால் குடம் விரைவில் வற்றும் அல்லவா?

சில வீடுகளில் கண்ணேறு கழிப்பர், தொக்கம் எடுப்பர். கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் எண்ணெய் வைப்பர். உச்சிக்குழி உள்வாங்குவது உடலில் நீர் வற்றியதன் அடையாளம். அவ்வேளையில் தேவைப்படுவது தலைக்கு எண்ணெயன்று, வயிற்றுக்கு நீர்.

1971ஆம் ஆண்டில் வங்காளதேசப் போரினால் இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தில் குவிந்தனர். போங்காவ் என்னும் ஊரின் முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவரும் நிலை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிறைத்து, நோயாளிகளுக்கு வாய்வழியே ஊட்டச் செய்தார். ஊட்டியவருள் பலர் மருத்துவரோ தாதியரோ அல்லர். நோயாளிகளின் தாய்மாரும் உறவினருமே. நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்நீரை அருந்தியோருள் இறந்தோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு.

இதன் சூட்சுமம் எளிது. பேதியின்போதும் குடல் சர்க்கரையை உள்ளிழுக்கும். சர்க்கரையோடு உப்பும், உப்போடு நீரும் உள்ளே செல்லும்.

சுகாதாரக் கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமே சிறந்தது. அது கைவசம் இல்லாதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்க. கரண்டியைக் குவிக்காமல் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு மிகுந்தால் தீங்காகும். கலந்த நீர் கண்ணீரைவிடக் கரித்தலாகாது. ஒவ்வொரு முறை பேதியான பின்னும் சிறிது சிறிதாகக் கரண்டியால் ஊட்டுக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஊட்டுக. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது.

கண் குழிவிழுதல், கண்ணீரின்றி அழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், நீர் பருக முடியாத சோர்வு ஆகியவை கண்டால் வீட்டு வைத்தியம் போதாது. உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

4. வலிப்புக்கு இரும்பா? சுட்ட புண்ணுக்குக் கிச்சாப்பா?

வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம்மிடையே வழக்கம். சற்று நேரத்தில் வலிப்பு நிற்கும். இரும்புதான் நிறுத்தியது என்பர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடங்களில் தாமே நின்றுவிடும். இங்கும் பழம் விழும் நேரத்தில்தான் காக்கை அமர்ந்தது. இரும்பால் கேடில்லை என்று விட்டுவிடலாம். ஆனால், பல்லுக்கிடையே கரண்டியைத் திணிப்பதும், கை கால்களை அமுக்கிப் பிடிப்பதும், நீர் புகட்டுவதும் கேடு விளைவிக்கும். நாக்கை விழுங்கிவிடுவார் என்ற அச்சம் வீண். அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், முதன்முறையாக வலிப்பு வந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

தீப்பட்ட இடத்தில் கிச்சாப், பற்பசை, எண்ணெய் ஆகியவற்றைப் பூசுவதும் தவறு. அவை சூட்டை உள்ளேயே அடைத்துப் புண்ணையும் கெடுக்கும். உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் நீர் ஓடவிடுவதே சரியான முதலுதவி.

5. அம்மை வந்தால் மருத்துவமனை ஆகாதா?

அம்மை கண்டால் அதனை அம்மனின் வருகையாகக் கருதி, வேப்பிலை கட்டி, மருந்தை விலக்குவது பழைய வழக்கம். வழிபாடு வேறு, நோய் வேறு. வேப்பிலையால் தீங்கில்லை, நோயாளியைத் தனியே இருத்துவது நல்ல வழக்கமே. மருத்துவரை விலக்குவதுதான் தீங்கு.

பல தலைமுறைகளை நடுங்கவைத்த பெரியம்மையின் கதையை எண்ணிப் பாருங்கள். 1796இல் எட்வர்டு ஜென்னர் அதற்குத் தடுப்பு முறை கண்டார். இயற்கையாக அந்நோய் தொற்றிய கடைசி மனிதர் 1977இல் சோமாலியா நாட்டில் காணப்பட்டார். 1980ஆம் ஆண்டு மே மாதம், பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி ஏற்றியதனால் எந்த ஊரிலும் தெய்வம் சினந்ததில்லை.

இன்று நாம் காணும் சின்னம்மையும் தட்டம்மையும் வேறு கிருமிகளால் வருவன. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவை தாமே தணிந்துவிடும். அதனால்தான் மருந்தில்லாமையே நன்று என்ற நம்பிக்கை வாழ்கிறது. ஆனால், சிலருக்கு நுரையீரலும் மூளையும் தாக்குண்டு உயிருக்கே ஆபத்தாகும். மூச்சுத் திணறல், தெளிவின்மை, வலிப்பு கண்டால் காத்திராதீர்கள். கருவுற்ற பெண்களுக்குச் சின்னம்மை கண்டாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தட்டம்மைக்குரிய தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு உரிய மாதத்தில் தவறாமல் போடுங்கள்.

நம்பிக்கையைச் சோதிக்கும் முறை

மேலே கண்ட ஐந்திலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். தானே தணியக்கூடிய ஒன்று தணியும்போது, அருகில் எது இருந்ததோ அதற்கே புகழ் சேர்கிறது. ஆகவே, எந்த நம்பிக்கையையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். இதைச் செய்யாவிட்டாலும் நோய் தானே தணிந்திருக்குமா? இதைச் செய்தும் பிழைக்காதவர் எத்தனை பேர்? இதைச் செய்வதனால் உடலுக்குக் கேடோ காலத்துக்கு இழப்போ உண்டா? மூன்றாம் கேள்விக்கு விடை 'உண்டு' என்றால், அந்த நம்பிக்கையைக் கைவிடத் தயங்க வேண்டாம்.

இதன் பொருட்டு வீட்டுப் பெரியவர்களை எள்ளி நகையாடுதல் தகாது. மருத்துவர் இல்லாத காட்டில், தமக்குத் தெரிந்ததைக் கொண்டு குழந்தைகளைக் காப்பாற்ற முயன்றவர்கள் அவர்கள். அவர்களுடைய அன்பில் பிழையில்லை; கிடைத்த செய்தியில்தான் பிழை. "அத்தை, நீங்கள் திருநீறு பூசுங்கள், நான் உப்புச்சர்க்கரை நீர் கலக்கிறேன். அதற்குள் வண்டியும் வந்துவிடும்" என்று ஒரு மருமகள் பணிவாகச் சொன்னால், எந்த மாமியாரும் மறுக்கமாட்டார். சண்டையில் வீணாகும் நேரம் குழந்தைக்குரிய நேரம் என்பதை இருவரும் உணர்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க

1. பாம்பு கடித்தால் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, அசையாமல் கொண்டுசெல்.
2. பேதியாகும் குழந்தைக்கு நீரையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதே.
3. டிங்கியில் காய்ச்சல் விடும் நாளே விழிப்பாக இருக்க வேண்டிய நாள்.
4. வலிப்பு வந்தவர் வாயில் எதையும் திணிக்காதே.
5. அம்மைக்கும் மருத்துவர் உண்டு. தட்டம்மைக்குத் தடுப்பூசியும் உண்டு.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. உங்கள் தோட்டத்தில் இரவு நேரத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தால், எந்த வண்டியில், எந்த மருத்துவமனைக்கு, எவ்வளவு நேரத்தில் கொண்டுசெல்ல முடியும்? அதனை இன்றே தீர்மானித்து எழுதிவையுங்கள்.
2. நீங்கள் பால் வெட்டும் நிரையில் கவிழ்க்காத மங்குகள் எத்தனை? நாளையே எண்ணிப் பாருங்கள்.
3. உங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த நம்பிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு, மேற்கண்ட மூன்று கேள்விகளால் சோதித்துக் குடும்பத்தாரோடு கலந்து பேசுங்கள்.